முப்பத்தெட்டில் ஒன்று

வெயிலாண்டபுரத்தில் யார் எந்தக் குலுக்கல் நடத்தினாலும் கோசலையின் பெயர் மட்டுமே வந்துகொண்டிருந்த அந்த நாலரை வருஷமும் சீட்டைப் பிரித்து வாசிக்கிற வேலை எபனேசர் வாத்தியாருடையதாக இருந்தது. மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர், பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பியையே பன்னிரண்டு மார்க் போட்டு ஃபெயிலாக்கியவர், பூக்காரி தவறி அதிகமாக அளந்துவிட்ட ஒரு முழம் பிச்சிப்பூவைத் திருப்பிக் கொடுக்க பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவர் என்று அவரைப் பற்றி ஊருக்கு மூன்று கதைகள் தெரியும்; அந்த மூன்று போதுமென்று ஜவுளிக்கடைக்காரர்களும் பாத்திரக்கடைக்காரர்களும் கோயில் கமிட்டியும் சர்ச் கமிட்டியும் குலுக்கல் நாளில் அவரையே மேடையேற்றினார்கள்.

முதல் தடவை ஆடித் தள்ளுபடியில் வந்தது. நாலாயிரம் கூப்பன்களை ஒரு நீல டிரம்மில் போட்டு உருட்டி, வாத்தியார் முழங்கை வரை கையை விட்டு ஒன்றை எடுத்து, "கோசலை, கிணத்தடித் தெரு" என்று வாசித்தார். கோசலை தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவள். மருந்தில் முக்குவதற்கு முன் குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாகச் சொருகி அடுக்கும் வேலையைப் பதினாறு வயதிலிருந்து செய்து செய்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவள் விரல்கள் இல்லாத குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். புருஷன் லாரியில் கிளீனராகப் போய் நாசிக் பக்கம் எங்கேயோ இறங்கிக்கொண்டவன் திரும்பி ஏறவில்லை. மாரிக்கனி என்று ஒரு மகள். கோசலை மேடையேறி டேபிள் ஃபேனை வாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு ஊரே அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. மறுநாள் வகுப்பில் வாத்தியார் நிகழ்தகவுப் பாடத்துக்கு அதையே உதாரணமாகச் சொன்னார். "நாலாயிரத்துல யாராவது ஒருத்தருக்கு விழுந்தே ஆகணும். விழுந்த பிறகு 'ஏன் அவளுக்கு'ன்னு கேக்குறவனுக்குக் கணக்கு தெரியாதுன்னு அர்த்தம்."

இரண்டாம் தடவை பாத்திரக்கடையின் பொங்கல் குலுக்கலில் இரண்டாயிரத்து ஐந்நூறு சீட்டுகளிலிருந்து வந்தது. மூன்றாம் தடவை அந்தோணியார் திருவிழாவில் மூவாயிரத்திலிருந்து வந்தது. அன்று சாயங்காலம் வாத்தியார் காலி வகுப்பறையில் கரும்பலகை முன்னால் நின்று மூன்றையும் பெருக்கிப் பார்த்தார்; மூவாயிரம் கோடியில் ஒன்று என்று வந்தது. அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நடக்க முடியாதது வேறு, நடப்பதற்கு அரிதானது வேறு, இது இரண்டாவது வகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டஸ்டரால் அழித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நாலாவது தடவை கோசலை சீட்டே வாங்கியிருக்கவில்லை. செருப்புக்கடை திறப்புவிழாவுக்கு அவள் போகவுமில்லை; அப்படியும் அவள் பெயர்தான் வந்தது. போட்ட சீட்டுகளையெல்லாம் கொட்டி எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது, தையற்காரர் பாண்டி போட்ட சீட்டு மட்டும் காணவில்லை, அவர் கையெழுத்திலேயே கோசலை என்று எழுதிய ஒன்று கூடுதலாக இருந்தது. பாண்டி அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கையெழுத்து என்னுதுதான், நான்தான் எழுதியிருப்பேன் போல" என்றார். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. ஊரில் அந்த வருஷம் மழை இல்லை, மோட்டார்கள் காற்றைத்தான் இறைத்தன, ஆட்களுக்கு விசாரிப்பதற்கு வேறு காரியங்கள் இருந்தன.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. அந்த வருஷம் பிறந்த பெண்குழந்தைகளில் பதினேழு பேருக்குக் கோசலை என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பெயரில் போட்ட சீட்டு எதுவும் வரவில்லை, வந்த சீட்டுகளிலெல்லாம் கிணத்தடித் தெரு என்றே இருந்ததால் அந்தப் பதினேழு குழந்தைகளும் பிறகு பாப்பா என்றும் குட்டி என்றும் மட்டுமே கூப்பிடப்பட்டு வளர்ந்தன. கல்யாணமாகி வந்த புதுப் பெண்கள் கோசலையின் வாசலைப் பெருக்கிவிட்டுப் போனார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவள் கையால் பேனாவைத் தொட்டு வாங்கிக்கொண்டார்கள். கடைக்காரர்கள்தான் முதலில் பயந்தார்கள், பரிசு ஒருத்திக்கே போகுமென்றால் இனி எவன் வாங்குவான் என்று. ஆனால் நடந்தது தலைகீழாக இருந்தது. "இத்தனை தடவ அவளுக்கே விழுந்தாச்சு, அடுத்தது நமக்குத்தான விழணும்" என்று சொல்லிச் சொல்லி ஜனங்கள் ஒரு வேட்டி வாங்க வந்த இடத்தில் மூன்று வேட்டி வாங்கிக் கூப்பனை நிரப்பினார்கள். வாத்தியார் ஒரு ரூபாய் நாணயத்தை டீக்கடை பெஞ்சில் சுண்டிக் காட்டி, "இதுக்கு ஞாபகம் கிடையாதுப்பா. போன தடவ என்ன விழுந்துச்சுன்னு இதுக்குத் தெரியாது" என்று விளக்குவார். எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு நேராக ஜவுளிக்கடைக்குப் போவார்கள்.

கோசலையின் வீட்டில் நிற்க இடமில்லாமல் போயிற்று. மூன்று கிரைண்டர், நாலு குக்கர், ஏறத் தெரியாத ஒரு ஸ்கூட்டர். கொடுத்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனவர்கள், அவளுக்கு விழுந்ததில் தங்களுக்குப் பங்கு இருந்ததுபோலவும் அதை அவள் தாமதமாகக் கொடுத்ததுபோலவும் முகத்தை வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் வருஷக் கடைசியில் அவள் வாசலை யாரும் பெருக்க வருவதில்லை. ஊரில் இருக்கிற அதிர்ஷ்டம் மொத்தமும் ஓர் அளவுதான், ஒரு வீட்டில் தேங்கினால் மற்ற வீட்டுக்கு எங்கிருந்து வரும் என்று கருவாட்டுக்கார மீனாட்சி சந்தையில் உட்கார்ந்து சொன்னாள். பதினைந்து நாளில் ஊரே அதைச் சொன்னது. காய்ச்சலில் குழந்தை செத்தவன் கிணத்தடித் தெருவைப் பார்த்துக் காறித் துப்பினான். பரீட்சையில் தோற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் மாரிக்கனியின் பள்ளிக்கூடப் பையில் மண் அள்ளிப் போட்டார்கள்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் பஞ்சாயத்து ஆட்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது மேல்நிலைத் தொட்டியில் ஒரு குரங்கு விழுந்து செத்து, நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. யார் ஏறி எடுப்பது என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெயர் எழுதிப் போட்டுக் குலுக்கிவிடலாம் என்று யாரோ சொன்னபோது, அது எங்கே போய் முடியும் என்று அந்த நிமிஷம் யாருக்கும் தோன்றவில்லை. வாத்தியார் சீட்டைப் பிரித்து வாசித்தார்.

பிறகு பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அது பக்கத்தில் இருந்தவனுக்குத் தொற்றி, அவனிடமிருந்து பெண்களுக்குத் தொற்றி, தொட்டியடியில் நின்ற முந்நூறு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோசலையும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் ஒரு சாக்கை இடுப்பில் சொருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள். சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான்: தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கனகசபை. வியாபாரிகள் சங்கத் தலைவரும் அவர்தான். அவள் ஒவ்வொரு படியாக ஏறுவதை அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வெயிலாண்டபுரத்தில் எல்லாவற்றுக்கும் குலுக்கல் வந்தது. அடைத்த சாக்கடையில் யார் இறங்குவது, ஊர்க் குப்பையை யார் வீட்டுக்கு எதிரில் கொட்டுவது, யாரும் இல்லாமல் செத்துப்போன பிச்சைக்காரனை யார் குளிப்பாட்டுவது, வெறிநாய் கடித்தவனை ஆஸ்பத்திரி வரை யார் பிடித்துக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றுக்கும் பானை வைத்து, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் பெயரை நல்ல எழுத்தில் எழுதி, நாலாக மடித்துப் போட்டு, பானையை நன்றாகக் குலுக்கச் சொல்லி, "இன்னும் நல்லாக் குலுக்குங்க சார், ஒருத்தரும் ஒரு சொல் சொல்லிரப்படாது" என்று கேட்டு, வாத்தியார் வாசிக்கிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உண்மையாகவே மூச்சைப் பிடித்தார்கள்; அதில் நடிப்பு இல்லை. வாசித்து முடித்ததும் "நியாயமா நடந்துச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கலைவார்கள். ஊரில் சண்டை நின்றது. வரப்புத் தகராறும் குழாயடித் தகராறும் ஓய்ந்தன. போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா பகலிலேயே தூங்கினார். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் என்ன இப்படி ஒரு ஒற்றுமை என்று ஆச்சரியப்பட்டுப் போனார்கள்.

ஒருநாள் மாரிக்கனியின் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட வந்த கோசலை, வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சாக்கடை வாசனை அவள் சேலையை விட்டுப் போவதே இல்லை என்பதால் உள்ளே வரவில்லை.

"மாரிக்கனிக்குக் கணக்குல தொண்ணூத்தெட்டும்மா" என்றார் வாத்தியார். "நல்ல மூளை. விட்டுராதீங்க, மேல படிக்க வைங்க."

"சரி சார்." விரல்கள் காற்றில் பொறுக்கின. "சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அடுத்த தடவ சீட்டு எடுக்கையில, எம்பேரு இருந்தாலும், வேற பேரு ஏதாச்சும் வாசிச்சிருங்களேன். ஒரே ஒரு தடவ. முதுகு முடியல சார். நீங்க என்ன வாசிச்சாலும் ஊரு ஒத்துக்கிரும்."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அவள்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. "அது பொய்யாயிரும்மா" என்றார். "நான் ஒருதரம் பொய் வாசிச்சா, முன்னால வாசிச்சது எல்லாமே பொய்யோன்னு ஆயிரும்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் கைநாட்டு வைக்கிற மாதிரி மெதுவாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்துப் போனாள்.

ஐந்தாம் வருஷம் மாசி மாதம், காலை பதினொரு மணிக்குத் தீப்பெட்டி ஆபீசில் மருந்து அறை வெடித்தது. சத்தம் பள்ளிக்கூடம் வரை வந்து சன்னல் கண்ணாடிகள் உதிர்ந்தன. ஆறு பெண்கள் கரிந்துபோனார்கள். மருந்து அறைக்குக் கதவு ஒன்றுதான், இரண்டாவது கதவைக் கனகசபை முதலாளி இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செங்கல் வைத்து அடைத்து அந்தப் பக்கம் குடோன் கட்டியிருந்தார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அடைத்த கொத்தனாரும் உள்ளூர்க்காரர்தான். வந்த அதிகாரி ஒருவர் முதலாளியிடம், கேஸ் என்றால் யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும், வேலை செய்கிறவர்களில் ஒருத்தர் கவனக்குறைவாக நெருப்பைக் கொண்டுபோனதாக இருந்தால் ஆபீஸ் திறக்கலாம், இல்லையென்றால் பூட்டுத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சங்கத்துக் கல்யாண மண்டபத்தில், அன்று மருந்து அறைப் பக்கம் வேலையில் இருந்து உயிரோடு வெளியே வந்த முப்பத்தெட்டு பேரையும் உட்காரவைத்து, சுற்றி ஊர் நின்றது. செத்தவர்களின் வீட்டுக்காரர்களும் மொட்டைத் தலையோடு வந்து நின்றார்கள். வாத்தியாரைக் கூப்பிட ஆள் வந்தபோது அவர் மனைவி, "இதுக்குமா போறீங்க?" என்று கேட்டாள். "நான் போகலேன்னா வேற எவனாவது வாசிப்பான். நான் போனா நியாயமாவாவது இருக்கும்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

கனகசபை முதலாளி கையைக் கூப்பினார். "நான் யாரையும் கை காட்ட மாட்டேன். நானூறு குடும்பம் அடுப்பெரியணும், அது ஒண்ணுதான் என் கவலை. உள்ள நெருப்புக் கொண்டுபோனேன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டா போதும். நல்ல வக்கீல் வைப்பேன். மிஞ்சி மிஞ்சிப் போனா ஒரு வருஷம். அவங்க பிள்ளைகுட்டிய என் பிள்ளை மாதிரி படிக்க வைப்பேன். யாருன்னு பானை சொல்லட்டும். வாத்தியாரே, நீங்களே விளக்கமாச் சொல்லிருங்க, பின்னால எவனும் குறை பேசப்படாது."

வாத்தியார் முன்னால் வந்து, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார். "சீட்டு முப்பத்தெட்டும் ஒரே அளவு, ஒரே தாள். ஒவ்வொருத்தருக்கும் முப்பத்தெட்டுல ஒரு வாய்ப்பு. யாருக்கும் கூடவும் கிடையாது, யாருக்கும் குறைவும் கிடையாது."

முப்பத்தெட்டு பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் முப்பத்தேழு பேரின் முகத்தில் கவலையே இல்லை. முன்வரிசையில் தவசி உட்கார்ந்திருந்தான், மருந்து டிரம் சுமக்கிறவன், முதுகெல்லாம் தீக்காயத்துக்கு மஞ்சள் களிம்பு. மூன்றாவது பிள்ளையை மடியில் வைத்து அதற்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கோசலை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வரும்போதே மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வாத்தியார் பானைக்குள் கைவிட்டார், ஒன்றை எடுத்தார், பிரித்தார், "கோசலை" என்றார்.

சொன்ன பிறகுதான் கண் தாளைப் பார்த்தது. தாளில், கொட்டை கொட்டையாக, தவசி என்று எழுதியிருந்தது.

அவர் மறுபடியும் பார்த்தார். எழுத்து மாறவில்லை. நாலரை வருஷமாக அந்த ஊரின் பானைகளுக்குள் இருந்தது எதுவோ அது போய்விட்டிருந்தது. நேற்று போனதோ, இந்த நிமிஷம் போனதோ, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது, வெறும் பானையும் வெறும் தாளும் முப்பத்தெட்டில் ஒன்றும் மிச்சம் இருந்தன. மண்டபத்தில் அதற்குள் பெருமூச்சுகள் எழுந்துவிட்டன, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள், பெண்கள் பிள்ளைகளை எழுப்பினார்கள். திருத்திச் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. பத்து எண்ணும் நேரம் இருந்தது. அவர் எண்ணவும் செய்தார். தவசியின் பிள்ளை முறுக்கைக் கீழே போட்டுவிட்டு அழுதது, தவசி குனிந்து அதை எடுத்து ஊதிக் கொடுத்தான், ஏழு, எட்டு, வாயைத் திறந்தால் இத்தனை பேரும் தன் பக்கம் திரும்பி, அப்படியானால் போன தடவை, அதற்கு முந்தின தடவை என்று கேட்கப்போவதை நினைத்தார், ஒன்பது, கோசலை எழுந்து அவரை நோக்கி வந்தாள்.

"சார், அந்தச் சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

இதுவரை அவள் அப்படிக் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை.

"செயிலுக்குப் போகப்போறேன். எம்பேரை ஒருதரம் கண்ணால பாத்துட்டுப் போறேனே."

"பாத்தாச்சும்மா" என்றார் வாத்தியார். "கோசலைன்னுதான் இருக்கு."

"குடுங்க சார், நானே வாசிக்கிறேன்."

"வாத்தியார் என்ன, பொய்யா சொல்லுவாரு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "இத்தனை வருஷமா இல்லாத சந்தேகம் இன்னைக்கு வந்துருச்சாக்கும்!" என்றாள் கருவாட்டுக்கார மீனாட்சி. சிரிப்பு எழுந்தது. செத்துப்போன ஒருத்தியின் புருஷன், மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இருந்தவன், முன்னால் வந்து கோசலையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "எம்பெஞ்சாதிய எரிச்சிட்டுச் சீட்டா கேக்குற?" என்றான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வரை அவள் எரித்தவள் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். பெயர் வாசித்ததும் அது மாறிவிட்டது. அவன் அழுத அழுகை நிஜமான அழுகை.

வாத்தியார் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அவர் மனைவி பையைப் பார்க்காமல் துவைத்ததில் அது கூழாகிப் போயிற்று.

கோசலை சொல்லிக் கொடுத்தபடியே ஒத்துக்கொண்டாள். கஞ்சியைச் சூடாக்க அடுப்பு மூட்டினேன் என்றாள். ஆறு உயிர் என்பதால் ஒரு வருஷம் ஏழு வருஷமாயிற்று. முதலாளி வைத்த வக்கீல் தீர்ப்பு நாளில் வரவில்லை. ஆபீஸ் திறந்தது; புது மருந்து அறை கட்டினார்கள், அதற்கும் ஒரே கதவு.

மாரிக்கனி முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கையில் கணக்கு நோட்டு இருந்தது.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா."

"முப்பத்தெட்டு சீட்டு. எங்க அம்மா பேரு வர்றதுக்கு முப்பத்தெட்டுல ஒண்ணு. அப்ப வராம இருக்கறதுக்கு முப்பத்தெட்டுல முப்பத்தேழு. சரியா சார்?"

"சரி."

"அப்ப அன்னைக்கு வேற பேரு வந்திருக்க வாய்ப்பு இருக்குல்ல சார்?"

வாத்தியார் சன்னலைப் பார்த்தார். "வாய்ப்பு இருக்கு" என்றார். "ஆனா வரல."

அவள் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனாள். அந்த வருஷம் பரீட்சைக்கு வரவில்லை. முதலாளி படிக்க வைப்பதாகச் சொன்னது அவருக்கும் மறந்துவிட்டது, ஞாபகப்படுத்த ஊருக்கும் மறந்துவிட்டது. திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேன் வைத்து ஆள் ஏற்றிப்போனவர்களோடு போய்விட்டாள் என்றார்கள். அம்மா அடுப்பு மூட்டியது நிஜம் என்று அவளும் நம்ப ஆரம்பித்துவிட்டதாக, ஜெயிலுக்குக் கடிதம் போடுவதையும் நிறுத்திவிட்டதாக, அவளோடு போய்த் திரும்பி வந்த ஒருத்தி சொன்னாள்.

அந்தத் தீபாவளிக்கு ஜவுளிக்கடைக் குலுக்கலில் முதல் பரிசு ஒரு தபால்காரருக்கு விழுந்தது. அவர் நம்பாமல் மேடைக்கு வர மறுத்தார். அடுத்தது ஒரு நர்சுக்கு, அதற்கடுத்தது யாரோ வெளியூர்க்காரருக்கு. கோசலை ஊரில் இல்லாததால்தான் என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். கொஞ்ச நாள் அதைப் பற்றி ஏமாற்றத்தோடு பேசிவிட்டு மறந்தார்கள். சாக்கடை மறுபடி அடைத்தபோது பானை வைக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எவன் பெயர் வேண்டுமானாலும் வரும் பானைமேல் ஊரில் யாருக்கும் நம்பிக்கை இருக்கவில்லை. சாக்கடை அடைத்தபடியே கிடந்தது. தகராறுகள் திரும்பி வந்தன. ஏட்டையாவுக்குத் தூக்கம் கெட்டது.

தவசி நல்லவனாக இருந்தான், அதுதான் வாத்தியாருக்குக் கஷ்டமாக இருந்தது. சந்தையில் எங்கே பார்த்தாலும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கும்பிடுவான். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒரு சேவலைக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டுப் போவான். மூத்த மகள் கல்யாணத்துக்கு வந்து கூப்பிட்டு, முதல் பந்தியில் உட்காரவைத்து, தானே பாயசம் ஊற்றினான். "அன்னைக்கு உங்க வாயால எம்பேரு வந்திருந்தா இந்தக் கல்யாணம் ஏது சார்?" என்று சிரித்தான். வாத்தியார் பாயசத்தைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

ஏழு வருஷம் கழித்து ஒரு காலையில், அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, வாசலில் கோசலை நின்றாள். முடி கொட்டி, பல் இரண்டு போய், பாதியாக இருந்தாள். விரல்கள் மட்டும் அசையாமல் இருந்தன. அவர் அவளை உள்ளே வரச் சொன்னார். அவள் படியிலேயே உட்கார்ந்தாள். மனைவி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பிள்ளையைப் போய்ப் பாத்தேன் சார்" என்றாள் கோசலை. "மில் வாசல் வரைக்கும் வந்தா. ஆறு பேரைக் கொன்னியாம்மான்னு கேட்டா. இல்லன்னு சொன்னேன். பின்ன ஏன் ஒத்துக்கிட்டேன்னு கேட்டா. எம்பேரு வந்துச்சுன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு? உள்ள போயிட்டா."

வாத்தியார் மோர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உள்ள இருந்த அத்தனை வருஷமும் ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு சார். மத்தது எல்லாம் பழகிருச்சு. அன்னைக்கு அந்தச் சீட்டைக் குடுங்கன்னு கேட்டப்ப குடுக்காம பையில போட்டுக்கிட்டீங்க. நான் பாத்தேன். அதைக் கேக்கத்தான் வந்தேன். உங்க மேல கோபம் எதுவும் இல்ல. ஆறி அவிஞ்சிருச்சு. சத்தியமா சொல்லுங்க, அதுல யாரு பேரு இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு அவர் ஏழு வருஷமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தார். சர்ச்சில் மண்டியிட்டு, குளிக்கும்போது, கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்திருந்தார். மூன்றெழுத்துப் பெயர்தான். அதைச் சொல்லி, பிறகு அவள் காலில் விழுவதாகக்கூட நினைத்திருந்தார்.

"உங்க பேருதாம்மா" என்றார்.

கோசலை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் தோள்கள் தளர்ந்தன; எத்தனையோ வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த மூச்சை விட்டவள்போல இருந்தாள்.

"அப்ப சரி சார்" என்றாள். "வேற யாருதாச்சும் இருந்து, நான் போயிருந்தா, அதைத்தான் தாங்கிக்கிற முடியாது. எம்பேருன்னா ஒண்ணுமில்ல. எனக்கு விழுந்துச்சு, நான் போனேன். நீங்க நல்லா இருக்கணும்."

மோரைக் குடித்தாள். வாசல் குழாயில் டம்ளரைக் கழுவி, படியோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரைப் பார்த்துக் கும்பிட்டு, வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.